பூட்டின வீட்டுச் சராசரி

தம்பி, அந்தப் போன ஒரு நிமிஷம் கீழ வச்சிட்டு என் மூஞ்சியப் பாருங்க. நல்லாப் பாக்கணும். அவசரம் ஒண்ணுமில்ல. நீங்க கோயம்புத்தூர், நான் தாராபுரம், பஸ்ஸு இப்பத்தான் கோவில்பட்டியத் தாண்டியிருக்கு. பாத்துட்டு மனசுல பட்டத அப்பிடியே சொல்லணும். என்னையப் பாத்தா திருடன் மாதிரி தெரியுதா?

இல்லைலா? இதத்தான் நானும் தலபாடா அடிச்சிக்கிடுதேன். ஊர்ல ஒருத்தன் நம்ப மாட்டேங்கான். வையுதாவளா, அடிக்காவளான்னா அதுவும் கிடையாது. எல்லாரும் மன்னிச்சிட்டாவ. அதான் தம்பி தாங்க முடியல. இன்னைய தேதிக்கு நாப்பத்தோரு பேரு என்னைய மன்னிச்சிருக்காவ. நான் ஒரு துரும்பக்கூட எடுத்தது கிடையாது.

அந்தப் பைய கொஞ்சம் தள்ளி வைங்க, உள்ள முறுக்கு இருக்கு, நொறுங்கிரும். எங்க வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சுட்டுக் குடுத்தது. எனக்கில்ல. தாராபுரத்துல அருமைராஜ்னு ஒரு ஆளு இருக்கான், அவனுக்கு. அவனத்தான் கூட்டிட்டு வரப் போறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள அவன் எங்க ஊருக்கு வந்து, கோயில்ல எந்திரிச்சி நின்னு, வேதமாணிக்கம் திருடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லணும். ஏன் ஞாயித்துக்கெழமைன்னா, அன்னைக்குத்தான் பேரு வெட்டுறவன் வாரான். பாத்திரத்துல பேரு வெட்டுவாங்கள்லா, கல்யாணச் சீருக்கு, அந்த மாதிரி. இது கிடாரம். எண்ணூறு பேருக்குக் கறி வைக்கிற பித்தளைக் கிடாரம். அதோட வாயச் சுத்தி 'மனந்திரும்பிய திருடன் மீட்டர் வேதமாணிக்கம் நினைவாக'ன்னு வெட்டப் போறாவ. உசுரோட இருக்கும்போதே நினைவாக. பித்தளையில வெட்டினா அழியுமா தம்பி? என் பேரன் பேத்தி, அவங்க மக்கமாரு எல்லாம் அதுல வெந்த கறியத்தான் திங்கணும்.

மொதல்லருந்து சொல்லுதேன். அப்பத்தான் உங்களுக்கு ஞாயம் புரியும்.

எங்க ஊரு பொறுமைபுரம். ஏதோ ஒரு காலத்துல ஒரு வெள்ளக்கார ஐயரு வந்து வச்ச பேரு. எங்க பக்கம் கோயில் பாதிரியார ஐயருன்னுதான் சொல்லுவோம், நீங்க வேற மாதிரி நெனச்சிராதீங்க. பேருதான் பொறுமைபுரம். ஐயரு கடைசி ஜெபத்துக்குக் கண்ண மூடுனா, தொறக்கும்போது பாதிப் பேரு செருப்ப மாட்டிட்டு வெளிய நிப்பான். நான் கரண்ட் ஆபீஸ்ல ரீடிங் எடுத்தவன். முப்பத்தோரு வருஷம். வீடு வீடாப் போயி மீட்டரப் பாத்து நோட்டுல எழுதணும். அதனாலதான் மீட்டர் வேதமாணிக்கம்.

தை மாசம் எங்க கோயில்ல மூணு நாள் கூட்டம் நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் அசனம். அசனம்னா ஊரு பூரா சமமா ஒண்ணா உக்காந்து ஆட்டுக்கறிக் கொழம்பும் சோறும் திங்கிறது. சமமான்னு சொல்லுதேன், ஆனா அதுலயும் மொதப் பந்தி ஐயரு பக்கத்துல ஒரு எடம் இருக்கு. அந்த எடம் யாருக்குன்னா, அந்த வருஷம் நல்ல சாட்சி சொன்னவனுக்கு. சாட்சின்னா கோர்ட்டு சாட்சி இல்ல. நான் இப்பிடி இப்பிடிப் பாவத்துல கெடந்தேன், இப்பிடித் திருந்தினேன்னு மைக்கப் பிடிச்சி சொல்லணும். பெரிய பாவம்னா ஞாயித்துக்கெழமை காலையில, கூட்டம் நெறைய இருக்கையில. சின்னப் பாவம்னா வெள்ளிக்கெழம மத்தியானம் மூணு மணி, வெங்காயம் உரிக்கிற பொம்பளையாளுக நாலு பேரு இருப்பாவ.

இந்த நேரம் ஒதுக்குறது கமிட்டிச் செயலாளர் சற்குணம். மூணு வருஷத்துக்கு முந்தி அவனே ஞாயித்துக்கெழமை சாட்சி சொன்னவன். இருவது வருஷம் குடிச்சவன் தம்பி. பொண்டாட்டி தாலிய அடகு வச்சிக் குடிச்சேன்னு அவன் சொல்ல, கோயிலே அழுதுச்சி. அழுது முடிச்சி அசனத்துல உக்காந்தா, ஐயரு பக்கத்துல சற்குணம். அவன் எலையில நல்லி எலும்பு ரெண்டு. எனக்கு நாலாவது பந்தி. உருளக்கெழங்கு. இருவது வருஷம் குடிச்சவனுக்கு நல்லி, ஒரு சொட்டு நாக்குல படாதவனுக்கு உருளக்கெழங்கு. இது என்ன ஞாயம்னு கேக்கேன்.

நான் கறிக்கு அலையிற ஆளு இல்ல. மரியாதன்னு ஒண்ணு இருக்குலா.

போன தையில நேரா சற்குணத்துக்கிட்ட போனேன். "ஏடே, எனக்கும் ஒரு சாட்சி போடு"ன்னேன்.

"என்ன வச்சிருக்கிய அண்ணாச்சி?"ன்னான். கையில என்ன சீட்டு இருக்குன்னு கேக்க மாதிரி.

"ஒண்ணும் இல்ல டே. சுத்தம். அதத்தான் சொல்லப் போறேன். மனுசன் பாவம் செய்யாமலும் இருக்கலாம்னு ஒரு ஆளு சொன்னா சனங்களுக்குப் பிரயோஜனம்லா."

"வெள்ளிக்கெழம மூணு மணி"ன்னு எழுதிட்டான்.

எனக்கு வந்துச்சே கோவம். நேரா ஐயரு வீட்டுக்குப் போனேன். ஜெபசிங் ஐயரு, சின்ன வயசு, சிரிச்ச மூஞ்சி, நல்ல மனுசன்தான். "ஐயரே, நீங்க வாராவாரம் எல்லாரும் பாவி, எல்லாரும் பாவின்னு சொல்லுதியள்லா, என்ன ஆதாரம்?"னு கேட்டேன். "நான் பத்துக் கட்டளையையும் ராத்திரி பாயில படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா சரிபாத்துட்டேன். வேற சாமி கும்பிட்டது இல்ல. செல செஞ்சது இல்ல. ஆண்டவர் பேரச் சொல்லி சத்தியம் பண்ணினது இல்ல. ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு மட்டம் போட்டது இல்ல. தாய் தகப்பன கடைசி வரைக்கும் வச்சிக் கஞ்சி ஊத்தினேன். கொலை இல்ல. விபசாரம், தங்கபுஷ்பம் இருக்க வீட்டுல அந்த நெனப்புக்கே எடமில்ல. களவு இல்ல. அடுத்தவன் பொருளுக்கு ஆசப்பட்டது இல்ல. பத்துக்கும் பூஜ்யம்."

என்ன தம்பி, வெரல மடக்கிப் பாக்கிய? ஒம்பதுதான் வந்துச்சா? ஐயரும் அப்பிடித்தான் மடக்கிப் பாத்தாரு. ஒண்ணு ஞாபகத்துல வராம விட்டுப் போயிருக்கும். வயசு எழுபத்திரண்டு ஆவுதுலா.

நான் கேட்டேன், "ஐயரே, ஒவ்வொருத்தன் வீட்டுக்குள்ளயும் போயிப் பாத்தீங்களா? போகாம எல்லாரும் பாவின்னு பொத்தாம்பொதுவா எழுதுனா, அது பூட்டின வீட்டுக்கு சராசரி போடுற மாதிரில்லா இருக்கு?"

உங்களுக்கு அது தெரியாதுல்லா, சொல்லுதேன். ரீடிங் எடுக்கப் போறோம், வீடு பூட்டிக் கெடக்கு. இன்னொரு நாள் திரும்பப் போகணும்னு சட்டம். அந்த வேகாத வெயில்ல யாரு திரும்பப் போவா? போன தடவ எவ்வளவு, அதுக்கு முந்தின தடவ எவ்வளவு, ரெண்டையும் பாத்து உத்தேசமா ஒரு சராசரி போட்டுருவோம். எல்லாரும் போடுவாவ. ஆனா என் சராசரி தம்பி, தப்பினதே கிடையாது. கதவுல தொங்குற பூட்டப் பாத்தே சொல்லிருவேன், உள்ள ஃபேன் எத்தன, குண்டு பல்பு எத்தனன்னு.

ஐயரு என்ன சொன்னாரு தெரியுமா? சிரிச்சிக்கிட்டே, "அண்ணாச்சி, பூட்டின வீட்டுக்குள்ள மீட்டரு ஓடாதா?"ன்னாரு.

என்ன பேச்சு இது? மெயின அணைச்சிட்டுப் போயிருந்தா எப்பிடி ஓடும்? அணைச்சிட்டுப் போறவனும் இருக்காம்லா. நான் எந்திரிச்சி வந்துட்டேன். வாற வழியிலதான் அந்த எண்ணம் வந்துச்சி. சரி, இவங்களுக்குப் பாவம்தான வேணும், ஒண்ணக் குடுத்திருவோம். குடிச்சேன்னு சொல்ல முடியாது, நான் எங்க நின்னேன் எங்க இருந்தேன்னு ஊருக்கே தெரியும். பொம்பள விசயம் சொன்னா தங்கபுஷ்பம் கோயில்லயே எந்திரிச்சி வந்துருவா. அப்பத்தான் கிடாரம் ஞாபகம் வந்துச்சி.

எங்க ஊரு அசனக் கிடாரம் காணாமப் போயி இருவத்தாறு வருஷம். அதுக்கப்புறம் வருஷா வருஷம் வாடகைக் கிடாரம்தான். அந்தக் களவு அப்பிடியே கெடந்துச்சி. எடுத்தவன்னு சொல்லப்பட்டவன் ஊர விட்டே போயிட்டான், பொருளும் கெடைக்கல. யாருக்கும் ஒபயோகமில்லாமக் கெடக்குற பாவம். நான் எடுத்துக்கிட்டா யாருக்கு என்ன நட்டம்? இன்னும் சொல்லப் போனா அவனுக்கு நல்லதுதான?

சற்குணத்துக்கிட்ட போயி, "கிடாரத்த எடுத்தது நான்தான் டே"ன்னேன். அவன் நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டான். கண்ணுல தண்ணி. கட்டிப் பிடிச்சிக்கிட்டு, "ஞாயித்துக்கெழம, அண்ணாச்சி. கடைசி. புது மைக் வாடகைக்கு எடுக்கேன்"ன்னான்.

அந்தப் போனவன் யாருன்னு கேக்கியளா? அவன்தான் அருமைராஜ். அப்போ எங்க ஊரு தவசிப்பிள்ள, அதான் சமையக்காரன். பதினெட்டு வருஷம் அசனத்துக்கு அவன் கைதான். அவன் வச்ச கறிய இன்னைக்கு நெனச்சாலும் நாக்கு ஊறும். வெளியூர்க் கல்யாணத்துக்கும் போவான், அதனால கிடாரத்து மேல அவனுக்கு ஒரு கண்ணு இருக்கும்னு ஊரு நம்பிச்சி.

நடந்தது என்னன்னா, அது ஒரு மழை வருஷம். ஐப்பசிக் கடைசியில மூணு நாள் ஊத்தி, கொளம் ஒடஞ்சி, தெருவுல இடுப்பளவு தண்ணி. கிடாரம் கோயிலுக்குப் பின்னால ஓலக் கொட்டகையில இருந்துச்சி, கழுவி நிமித்தி வச்சிருந்தாவ. தண்ணி வடிஞ்சி பாத்தா கொட்டகையும் இல்ல, கிடாரமும் இல்ல. மறுநா ஞாயித்துக்கெழம ஆராதனையில அப்போதைய ஐயரு, யாராவது ஏதாவது பாத்தீங்களான்னு கேட்டாரு. நான் எந்திரிச்சேன். "சனிக்கெழம காலையில அருமைராஜ் சைக்கிள்ல மெயின் ரோட்டப் பாத்துப் போனான். கேரியர்ல பெருசா, உருண்டையா, சாக்கு போட்டு மூடி ஒண்ணு இருந்துச்சி"ன்னேன். எவனோ ஒருத்தன், அவ்வளவு பெரிய கிடாரம் சைக்கிள்ல நிக்குமான்னு கேட்டான். அதுக்கு ஐயரு, "மீட்டர் வேதமாணிக்கம் பாத்தேன்னா பாத்ததுதான்"ன்னுட்டாரு. அவ்வளவு மரியாத இருந்துச்சி தம்பி எனக்கு.

அருமைராஜ் மறுத்து ஒரு வார்த்த பேசல. நாலாவது பெஞ்சில உக்காந்து என்னையவே பாத்தான். அவன் அன்னைக்கு எந்திரிச்சி சத்தம் போட்டிருந்தா விசயமே வேற மாதிரிப் போயிருக்கும். அவன் மேலயும் தப்பு இருக்குலா? அப்புறம் அவனுக்கு நற்கருணை கிடையாதுன்னாவ, சமையலு கிடையாதுன்னாவ. ரெண்டு பொட்டப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு தாராபுரத்துல ஏதோ ஆஸ்டல்ல சமையலுக்குப் போயிட்டான்.

அந்த வாரம் திங்கக்கெழம எனக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு மெமோ வந்திருந்துச்சி. அதையும் சொல்லிருதேன், பின்னால யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். அருமைராஜ் வீடு ரெண்டு மாசம் பூட்டிக் கெடந்துச்சி, மாமியா வீட்டுக்குப் போயிருந்தான். நான் வழக்கம்போல சராசரி போட்டேன். அவன் வந்து பாத்துட்டு, மெயினயே அணைச்சிட்டுப் போன வீட்டுக்கு எப்பிடி கரண்ட் ஓடும்னு மேல ஒரு மனு எழுதிப் போட்டுட்டான். என் சர்வீஸ்ல அந்த ஒரே ஒரு மெமோதான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனசுல எதையும் வச்சிக்கிடுற ஆளு இல்ல நான். அந்த மெமோ தேதிகூட மறந்துட்டேன். நவம்பர் ஒம்பது.

சாத்தூர் வந்துருச்சா? காராச்சேவு வாங்கணுமா? வேண்டாம்னா விடுங்க.

அந்த ஞாயித்துக்கெழமைக்கு வாரேன். மைக்கப் பிடிச்சேன். கோயில் நெறஞ்சி வெளிய பந்தல்லயும் சனம். "இருவத்தாறு வருஷமா ஒரு கிடாரம் என் நெஞ்சில கவுந்து கெடக்கு"ன்னு ஆரம்பிச்சேன். நானே நெனைக்கல தம்பி, அவ்வளவு நல்லா வந்துச்சி. பொம்பளையாளுக முந்தானையால கண்ணத் தொடைக்காவ. சற்குணம் தேம்புதான். எனக்கே அழுக வந்துருச்சி, செய்யாத களவுக்கு. அசனத்துல ஐயரு பக்கத்துல உக்கார வச்சாவ. நல்லி எலும்பு மூணு. சற்குணத்துக்கு ரெண்டுதான், ஞாபகம் இருக்கா?

மூணாவது எலும்ப உறிஞ்சிக்கிட்டு இருக்கேன், எதிர்த்தாப்புல ஒருத்தன், "அண்ணாச்சி, கிடாரத்த எங்க வச்சீங்க?"ன்னு கேட்டான். இத நான் யோசிக்கவே இல்ல. விக்கல் வந்துருச்சி. வித்துட்டேன்னு சொன்னா யாருக்கு வித்தேன்னு கேப்பான். சுத்திப் பாத்தேன். கொட்டகை இருந்த எடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாழுங்கெணறு, உடமரம் அடஞ்சி, குப்ப கொட்டித் தூந்து போயிக் கெடக்கும். "அதுல போட்டுட்டேன்"ன்னேன். சும்மா ஒரு உத்தேசமா, சராசரி போடுற மாதிரி.

செவ்வாக்கெழம மண்ணு தோண்டுற மிசினு கொண்டு வந்துட்டாங்க. பொறுமைபுரத்துல அன்னைக்கு மட்டுந்தான் எல்லாரும் பொறுமையா நின்னாவ. நானும் நின்னேன். உள்ளுக்குள்ள, ஒண்ணும் கெடைக்காது, எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கிடலாம்னு. பதினோரு மணி இருக்கும். டங்குன்னு ஒரு சத்தம்.

ஆமா தம்பி. கிடாரம்.

நசுங்காம, நெளியாம, வாய் நெறையச் சேத்தோட வந்துச்சி. ஊரு என்னையத் தூக்கிட்டு. நான் மயங்கி விழுந்தத, செஞ்ச பாவத்துக்கு மனசு ஒடஞ்சிட்டேன்னு நெனச்சிட்டாவ.

அன்னையிலருந்து பிடிச்சிது சனியன். மறுநா காலையில பக்கத்துத் தெரு கனகவல்லி வந்தா. "அண்ணாச்சி, தொண்ணூத்தெட்டுல எங்க வீட்டுச் சேவக்கோழி ஒண்ணு காணாமப் போச்சி. அதுவும் நீங்கதான்னு நெனைக்கேன். மன்னிச்சிட்டேன்"ன்னுட்டு, கைய எடுத்துக் கும்பிட்டுப் போயிட்டா. மறுப்புச் சொல்ல நேரமே குடுக்கல. அப்புறம் கெணத்து உருளை ஒண்ணு, சைக்கிள் பம்பு மூணு, கோயில் கடிகாரத்துப் பெரிய முள்ளு, ஒரு நைட்டி. நைட்டி தம்பி! என் சம்பந்தி வீட்டுல நான் போனா பீரோவப் பூட்டிச் சாவிய எடுத்து மடியில வச்சிக்கிடுதாவ. சிரிச்சிக்கிட்டே பூட்டுதாவ, மனசு சங்கடப்படக் கூடாதுல்லா. பக்கத்து ஊருக் கூட்டங்களுக்கு என்னைய சாட்சிக்குக் கூப்பிட்டு ஆறு தேதி குறிச்சி வச்சிருக்கான் சற்குணம். நோட்டீசுல 'மீட்டர் திருடன்'னு போட்டுட்டான். மீட்டர எப்போடே திருடினேன்னு கேட்டா, கூட்டம் வரணும்லா அண்ணாச்சிங்கான்.

ஒரு கட்டத்துல ஐயர்கிட்ட போயி உண்மையச் சொல்லிட்டேன். "ஐயரே, நான் எடுக்கல. யாருமே எடுக்கல. கிடாரம் நிமுந்து இருந்துச்சி, இடுப்பளவு தண்ணி வந்துச்சி, பரிசல் மாதிரி மிதந்து போயி கெணத்துல விழுந்துருக்கு. இவ்வளவுதான். பாத்தீங்களா, இருவத்தாறு வருஷமாப் பாவம் பாவம்னு சொன்ன எடத்துல பாவமே கிடையாது. வெறும் மழைத்தண்ணி. மனுசன் நல்லவன்தான். நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"அப்போ கோயில்ல எடுத்தேன்னு சொன்னது?"ன்னாரு.

"அது பொய்."

"பொய் பாவம் இல்லையா அண்ணாச்சி?"

என்ன மீட்டரு பாருங்க இது! போட்டாலும் ஓடுது, அணைச்சாலும் ஓடுது. கமிட்டியில சொன்னா, "வெள்ளத்து மேல பழியப் போடாதீங்க அண்ணாச்சி, பிசாசு உங்களப் பின்னால இழுக்கான்"னு சொல்லி என் தலையில கைய வச்சி முக்கா மணி நேரம் ஜெபம் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பேரு வெட்டுறதுன்னு முடிவு பண்ணினாவ.

தங்கபுஷ்பத்துக்கிட்ட சொல்லி அழுதேன். அவ ஒருத்திதான் ஆரம்பத்துலருந்தே நான் எடுத்தேன்னு நம்பல. "தண்ணிக்கொடத்தத் தூக்கி இடுப்புல வைக்க தெம்பு இல்லாத ஆளு, கிடாரத்தத் தூக்கினாராம்"னு சிரிச்சா. மனசுக்கு ஆறுதலா இருந்துச்சி. பெறவு சட்டியத் துலக்கிக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காம ஒண்ணு கேட்டா. "கிடாரம் தண்ணியில போயிட்டுன்னா, அன்னைக்கு அருமைராஜ் அண்ணன் சைக்கிள்ல போனது என்ன?"

அடுப்புல என்னமோ கருகுதுன்னு சொன்னேன். அடுப்பு எரியவே இல்ல.

அப்பத்தான் தம்பி, கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி இந்தக் கடுதாசி வந்துச்சி. இருங்க, சட்டப் பையிலதான் இருக்கு. அருமைராஜ் எழுதினது. எவனோ ஊர்க்காரன் அவனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கான். படிக்கேன், கேளுங்க.

"அன்புள்ள அண்ணாச்சிக்கு. கிடாரத்தை நீங்கள் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் நம்பவில்லை. பதினெட்டு வருஷம் அதைக் கழுவியவன் நான். நாலு ஆள் இல்லாமல் அது அசையாது. தனி ஆளாக நீங்கள் எடுத்திருக்கவே முடியாது. சைக்கிளில் வைத்துக் கட்டவும் முடியாது. இது உங்களுக்கும் தெரியும். ஒரு நாள் நேரில் வாருங்கள். அருமைராஜ்."

பாத்தியளா? 'நீங்கள் எடுத்திருக்கவே முடியாது.' ஒலகத்துலயே நான் நிரபராதின்னு எழுதிக் குடுத்த ஒரே ஆளு! கையெழுத்தோட! இவன் மட்டும் வந்து கோயில்ல நின்னு இதச் சொல்லிட்டாப் போதும், பேரு வெட்டுறவன் மிசினத் தூக்கிட்டுப் போயிருவான். சமையக்காரன் சொல்லு எடுபடும்லா? எனக்குன்னு ஒரு சாட்சி கெடச்சிட்டு. கடுதாசியக் காட்டினதும் தங்கபுஷ்பம் முறுக்கு சுட்டா. பஸ் ஏத்திவிட வந்தப்போ, "குடுத்துட்டு, அவரு கேக்கதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க"ன்னா. அவன் என்ன கேக்கப் போறான்? கூப்பிட்டவன் அவன்தான?

நீங்க என்ன தம்பி, கடுதாசியத் திரும்பப் பாக்கிய? ஆமா, அந்த வரி இருக்கு. சைக்கிள்ல கட்ட முடியாதுன்னு. அது ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பான்.

ஒட்டன்சத்திரம் தாண்டிட்டா? அப்போ இன்னும் கொஞ்ச நேரந்தான். எனக்கு ஒரு ஒதவி செய்யுதியளா? ஒரு ஒத்திக பாத்துருவோம். மைக்கப் பிடிக்கதுக்கு முன்னாலயும் நான் கண்ணாடி முன்னால நின்னு ஒத்திக பாத்தேன், அதான் அவ்வளவு நல்லா வந்துச்சி. நீங்க அருமைராஜ். நான் வீட்டுக்குள்ள வாரேன்.

"அருமைராஜ், எப்பிடிடே இருக்க?" நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், தலைய ஆட்டுங்க போதும். "இந்தா, தங்கச்சி முறுக்கு குடுத்துவிட்டா. ஒன் கடுதாசி கெடச்சிது. ரொம்ப சந்தோசம். நீ சொன்னதுதான் சரி, நான் எடுக்கல. நீயும் எடுக்கல. தண்ணியில மிதந்து போயிருக்கு. ஆக நம்ம ரெண்டு பேரும் சுத்தம். வா, ஊருக்குப் போவோம். நீ எனக்குச் சொல்லு, நான் ஒனக்குச் சொல்லுதேன். கிடாரத்துக்கு ஈயம் பூசியாச்சி, அசனத்துக்கு நீயே கறி வை."

இப்போ நீங்க பேசணும். அருமைராஜ் என்ன சொல்லுவான்? சரி அண்ணாச்சின்னு சொல்லுங்க.

ஏன் தம்பி அதக் கேக்கிய? நான் சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லுங்கன்னேன்லா.

திரும்பவும் அதையே கேக்கிய.

சைக்கிள்ல என்ன இருந்துச்சின்னா... பெருசா... சாக்கு போட்டு... பாருங்க, இருவத்தாறு வருஷமாச் சொல்லிச் சொல்லி அது என் கண்ணுக்குள்ளயே நிக்கு. சாக்கு நெறங்கூடச் சொல்லுவேன். ஆனா இப்போ நீங்க அப்பிடிப் பாத்துக்கிட்டுக் கேக்கையில சாக்கு நிக்க மாட்டேங்கு.

காலி.

கேரியர் காலியா இருந்துச்சி தம்பி. கேரியர்ல ஒண்ணும் இல்ல. ஹேண்டில்பார்ல ஒரு கரண்டி தொங்கிச்சி. பெரிய கரண்டி, சமையக் கரண்டி. மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல வெள்ளத்துக்கு ஒதுங்கினவங்க இருந்தாங்க, அவங்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போயிக்கிட்டு இருந்தான். என்னையப் பாத்ததும் சேத்துல கால ஊனி நிறுத்தினான். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா? பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க, சூடா கஞ்சி இருக்கு"ன்னான். எனக்கு மெமோ வாங்கிக் குடுத்தவன். மறுநா கோயில்ல எந்திரிச்சி சாக்கப் போட்டேன்.

வீடு பூட்டியிருக்கல தம்பி. கதவு விரியத் தொறந்து இருந்துச்சி. நான் நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுதினேன். வெரல் மடக்கையில விட்டுப் போச்சே ஒரு கட்டளை, பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு, அது இதான்.

இத அவன்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? அவனுக்கு இது தெரியும். கூட்டமில்லாத எடத்துல, மைக்கு இல்லாம, அவன் மூஞ்சிக்கு நேரா என் வாயால வரணும்னுதான் கூப்பிட்டிருக்கான். இதுக்கு எவன் கை தட்டுவான், எவன் எலையில எலும்பு வைப்பான்? திருடன்னு வெட்டினாக்கூட நாலு பேரு கட்டிப் பிடிச்சிக்கிடுதாவ. இதக் கிடாரத்துல வெட்டினா ஒருத்தனும் அதுல வெந்ததச் சாப்பிட மாட்டான்.

தாராபுரமா? எறங்கணும். கண்டக்டர், ஒரு நிமிஷம் இருங்கய்யா, வயசாளி எறங்கட்டும். தம்பி, அந்த முறுக்குப் பைய எடுத்துக் குடுங்க.

பேசாம நான் அந்தக் கிடாரத்தையே எடுத்திருக்கலாம்.